வேலிப் பலகை

இங்கிலாந்தின் டர்ஹமில் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்துக்கு ஆறாவது மாதம். காலை வெயிலில் நார்மன் ரெய்ன் வாயில் ஆணிகளைக் கவ்வியபடி தோட்ட வேலியைச் சரிசெய்கிறான். நேற்று மறியல்காரர்களை விரட்டிய போலீஸ் குதிரைகள் மிதித்து ஒடித்த வேலி அது. ஒடிந்த இடத்தில் தன் மறியல் பலகையையே வைத்து அறைகிறான். ‘சுரங்கத்தை மூடாதே’ என்ற சிவப்பெழுத்து சாலையைப் பார்த்து நிற்கிறது. “பலகையக் கழட்டுய்யா,” என்கிறார் சாலையில் நிற்கும் போலீஸ்காரர். “இது வேலிங்க. உங்க குதிரை ஒடிச்ச கட்டையக் கொண்டாங்க, கழட்டிடறேன்.” தொழிலாளர் சமையற்கூடத்திலிருந்து நார்மனின் மனைவி எடித் வெறும் பானையோடு வருகிறாள். போலீஸ்காரர் சிரிக்கிறார். “பானையே காலி. இன்னும் எத்தன நாளைக்குய்யா தாங்குவீங்க?” நார்மன் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுக் கத்தியை எடுக்கிறான். ஊரின் செப்டம்பர் காய்கறிப் போட்டிக்கென்று வளர்த்த மூன்று லீக்ஸ், பெரிய வெங்காயத்தாள் போன்றவை, முழங்கைத் தடிமனில் நிற்கின்றன. போட்டியில் அளந்து பார்க்கும்வரை அவற்றை இந்த ஊரில் யாரும் அறுத்ததில்லை. இரண்டை அறுத்துப் பானையில் போடுகிறான். எடித் மூன்றாவதைத் தொடுகிறாள். “அத விடும்மா, அது விதைக்கு,” என்கிறான், போலீஸ்காரரைப் பார்த்தபடியே. “அடுத்த கோடையிலதான் பூக்கும். விதையெடுக்க நாம இங்கதான இருக்கப்போறோம்?”