மூன்றாவது ஜோடி

அந்தச் சின்னத் தலைநகரில் எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. வீட்டுக்காரர் வரவில்லை, கதவோரப் பெட்டிக்குள் சாவி இருக்கும் என்று போனில் செய்தி அனுப்பியிருந்தார். என் கணவர் பூவராகனும் நானும் வழக்கம்போல ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனோம். அந்த மாடியில் வேறெந்தக் கதவுக்கு முன்னாலும் ஒரு செருப்புகூட இல்லை. பயணக் களைப்பில் முன்னறையிலேயே படுத்துத் தூங்கிவிட்டோம். உள்ளே இன்னோர் அறை இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மதியம் சாப்பிடப் போகலாம் என்று கதவைத் திறந்தால், வாசலில் மூன்று ஜோடி இருந்தது. மூன்றாவது, கனத்த கறுப்பு ஷூ. அதில் ஒட்டியிருந்த பனி இன்னும் முழுதாக உருகவில்லை. எங்களுடையதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அதே வரிசையில், நுனி கதவைப் பார்த்தபடி இருந்தது.

"பக்கத்து வீட்டு ஆளோடதா இருக்கும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. செருப்பு வாசலில் கிடந்தால் ஆள் எங்கே இருப்பார் என்று அவருக்கும் தெரியும்.

இருவரும் அவசரமாக மாட்டிக்கொண்டோம். "வாங்க, கீழே போயிடலாம்" என்றேன்.

"பாஸ்போர்ட் உள்ள இருக்கே, மங்கை."

அந்தப் பயத்திலும் பழக்கம் விடவில்லை. ஷூவைக் கழற்றி, ஈர ஷூவுக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

வாசலில் மறுபடியும் இரண்டு ஜோடி. உள்ளே யாரோ தாழ் போட்டார்கள்.