இந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது

“கவர்மெண்ட் பூட்டல்ல சேர். இந்த மெஷினுக்குள்ளேயேதான் பூட்டிக் கிடக்கு.”

கம்ப்யூட்டர் திருத்தும் ஸெய்னுலாப்தீன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்.

கதிரையின் விளிம்பில் ஒட்டியிருந்த விவேகானந்தன் எழுந்து மேசைக்குக் கிட்ட வந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குண்டசாலையிலிருந்து கண்டியிலுள்ள இந்தக் கடை வரைக்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். வழியில் ஆமிக்காரன் இறக்கி, சுற்றியிருந்த போர்வையை அவிழ்க்கச் சொன்னான். வன்னியில் சண்டை உச்சத்தில் நிற்கிற நேரம், யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் உள்ள ஒரு மனுசன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு திரிவதென்றால் சும்மாவா?

“வைரஸ், மஹத்தயா” என்று சிங்களத்தில் சொல்லித் தப்பினார். சேர்ட் முழுக்க வேர்வை.

வைரஸ் ஒன்றும் இல்லை. ஒரேயொரு இணையத்தளம் திறக்க மாட்டேன் என்றது. அவ்வளவுதான்.

வன்னியில் செல்லடிபட்டு இறந்தவர்களின் படங்களைப் போடுகிற தளம் அது.

அவருடைய ஒரே மகள் தர்மினி கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக்குப் போனவள். கடைசியாக விசுவமடுவிலிருந்து கதைத்தாள். “அப்பா, சத்தம் கேக்குதே?” என்றாள். அதோடு லைன் அறுந்து போயிற்று.

அன்று தொடக்கம் அவர் சோறு தண்ணி இல்லாமல் அந்தத் தளத்துக்கு முன்னாலேயே கிடந்தார். ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார். மகளில்லை என்று கண்டதும் மூச்சு வரும். அடுத்த படத்தில் திரும்பவும் நின்றுவிடும்.

போன கிழமை அந்தத் தளம் திடீரென்று திறபடாமல் போனது. மற்றத் தமிழ்த் தளங்களைப்போல இதையும் அரசாங்கம் மறித்துவிட்டதாக்கும் என்று நினைத்தார். யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், அதை ஏன் பார்க்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்கள். திரையைப் போட்டு அடித்தார். பிறகு அதனிடமே கெஞ்சினார்.

“நான் இலவசமாப் போட்டுத் தந்தேனே ஒரு சொப்ட்வெயார், அதுதான் சேர் மறிக்குது. வைரஸ், விளம்பரம் எல்லாத்தையும் மறிக்கும். வேணாத சைட்டையும் அதுல போட்டு மறிக்கலாம்னு அண்டைக்கே காட்டினேன். இதையும் யாரோ போட்டிருக்காங்க. ஊட்டுல வேற யாரு சேர் பாவிக்கிறது?”

வீட்டில் அவரும் மனைவி சரோஜினிதேவியும்தான்.

அவன் காட்டித் தந்த அன்றைக்கு இவர் பேப்பரில் மூழ்கிக் கிடந்தார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் சரோஜினிதேவி.

முதலில் வந்தது ஆத்திரம்தான். பிள்ளையைத் தேடுவதற்கு இருந்த ஒரே கதவையும் சாத்தி வைத்திருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா?

“எடுத்துவிடும் தம்பி. இப்பவே எடுத்துவிடும்!”

ஸெய்னுலாப்தீன் எதையோ அழுத்தினான். பிறகு தயங்கினான்.

“இது ஒரேயடியா மறிச்சு வெச்சதும் இல்ல சேர். இதுல எல்லாம் பதிஞ்சிருக்கு. தினமும் காலைல எடுத்துவிட்டு, கொஞ்ச நேரத்துல திரும்பவும் மறிச்சிருக்காங்க. அந்த நேரத்துல பார்த்ததும் ஒரே ஒரு பக்கம்தான். அதைத் திறக்கவா?”

காலையில் விவேகானந்தன் வீட்டில் இருப்பதில்லை. சந்தியிலுள்ள தொலைபேசிக் கடைக்குப் போவார். வவுனியாவில் அகதிகளைப் பார்த்துவரும் பாதர் ஒருவருக்குக் கோல் எடுத்து, புதிதாக வந்தவர்களில் தர்மினி இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு வருவார்.

அவர் வேலிப் படலையைத் தாண்டும் வரைக்கும் சரோஜினிதேவி பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும்.

அதில் யார் இருக்கக்கூடும் என்று அவருக்கு விளங்கியது.

அதற்குள் ஸெய்னுலாப்தீன் அந்தப் பக்கத்தைத் தட்டிவிட்டிருந்தான். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. வானம். முறிந்த ஒரு பனை. நீலத் தறப்பாள் விரிப்பின் விளிம்பு. அதற்குக் கீழே ஒரு பெண்ணின் கூந்தல்.

“வேண்டாம்!”

இரண்டு கைகளாலும் திரையைப் பொத்தினார். அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“மூடும் தம்பி. முந்தி எப்பிடி இருந்ததோ, அப்பிடியே மறிச்சுவிடும்.”

ஸெய்னுலாப்தீன் திரும்பவும் மறித்தான். அவரை இருத்தி, ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது சரோஜினிதேவி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. அவள் எதையும் கேட்குமுன்னர் அவர் முந்திக்கொண்டார்.

“அரசாங்கம்தான் மறிச்சிருக்காம். ஒண்டும் செய்யேலாதாம்.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

அடுத்த நாள் காலையில் விவேகானந்தன் வழக்கம்போலச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். படலையைச் சத்தம் கேட்கும்படி சாத்தினார்.

தொலைபேசிக் கடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் நுழைந்து கதவை இழுத்துவிட்டார். ரிசீவரைக் காதில் வைத்தார். எந்த இலக்கத்தையும் அழுத்தவில்லை.

வீட்டில் அவள் அழுது முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரமும் அப்படியே நின்றார்.