வாசலில் தடுக்கப்பட்டவர்

சூதாட்ட விடுதியைச் சோதனையிட வந்திருந்த அரசு அதிகாரி, வாசலில் கூச்சல் கேட்டு வெளியே வந்தாள். காவலாளி ஒரு பெரியவரை மறித்துக்கொண்டு நின்றான்.

"இவர் உள்ள வரக் கூடாதுன்னு தடை இருக்கு மேடம். சூதாட்டப் பழக்கத்தை விடறதுக்காக அவரே அரசாங்கத்துகிட்டக் கேட்டு வாங்கின தடை. இப்ப உள்ள விடுன்னு என் உயிரை எடுக்கறார்."

"ஒரே ஒரு தடவைம்மா," என்று பெரியவர் கெஞ்சினார்.

இப்படிக் கெஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு மரத்துப்போயிருந்தது.

"ஐயா, கஷ்டப்பட்டு விட்ட பழக்கம். வீட்டுல இருக்கறவங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"வீட்டுல யாரும்மா இருக்கா?" பெரியவர் சட்டைப் பையைத் துழாவினார். "நான் ஆடின காலத்துல என்னைக் கூட்டிட்டுப் போக என் சம்சாரம் தினமும் இங்க வருவா. நான் எழுந்திருக்கிற வரைக்கும் பொழுது போகாம பக்கத்து சூதாட்ட மெஷின்ல உக்காந்து தட்டிட்டிருப்பா. நான் விட்டுட்டேன். அவளால விட முடியலை. காலையில வந்தவ இன்னும் உள்ளதான் இருக்கா, இதயத்துக்கான மாத்திரையைக்கூடப் போட்டுக்கலை. பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பா, பாருங்க."

அவர் நீட்டிய மாத்திரையை வாங்கிக்கொண்டு அதிகாரி தானே உள்ளே போனாள். கடைசி வரிசையில் பச்சை ஸ்வெட்டர் தெரிந்தது. அந்த அம்மாவின் தோளை மெதுவாகத் தொட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் வெளியில நிக்கறாரும்மா."

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிக்கட்டும். இத்தனை வருஷமா நான் அவருக்காகக் காத்துக் கிடக்கலையா?"