சாணை பிடித்தும் வெட்டாத கத்தரி

மூடிப்போன தையல் கடையிலிருந்து ஒரு மெஷினும் ஒரு கத்தரியும் தானமாகக் கிளம்பின. கல்குவாரிக் காலனிப் பெண்களுக்குத் தையல் பழக்கும் இடத்துக்குப் பயணம். வழியில் ஒரு பட்டறையில் மெஷினுக்குப் புது பெல்ட் மாட்டினார்கள். கத்தரிக்கு மூன்று தடவை சாணை பிடித்தார்கள்.

“இனி நீ வெண்ணெய் மாதிரி வெட்டுவ” என்றது மெஷின்.

“சாணை என்ன செய்யும்? என் பிறவியே கோணல். யார் பிடிச்சாலும் துணியை மெல்லுவேனே தவிர வெட்ட மாட்டேன். அங்கேயும் என்னைப் பழைய இரும்புக்குத்தான் போடுவாங்க” என்றது கத்தரி.

அது சொன்னபடியேதான் நடந்தது. நான்கு பெண்கள் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தும் துணி மடங்கி அலகுக்குள் சிக்கியது. “இரும்புக்காரர் வந்தா போட்டுடலாம்” என்று டீச்சர் அதை ஜன்னலில் வைத்தார்.

ஜன்னலோரம் பூங்கனி என்பவள் நல்ல கத்தரியால் துணியைக் கந்தலாக்கிக்கொண்டிருந்தாள்.

“சோத்துக்கையில எனக்கு வர மாட்டேங்குது டீச்சர். நொட்டாங்கையில எது செஞ்சாலும் வீட்ல திட்டு.”

“இங்க யாரும் திட்ட மாட்டாங்க. வர்ற கையால வெட்டு.”

கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டியவளுக்கு ஜன்னலில் இருந்த கத்தரிதான் அகப்பட்டது. கோடு போட்ட இடத்தில் வைத்து அழுத்தினாள். சரசரவென்று துணி இரண்டாகப் பிரிந்தது. தன்னைச் செய்தவன் இடது கைக்கென்றே செய்திருக்கிறான் என்பது கத்தரிக்கே அப்போதுதான் தெரிந்தது.

“பிறவிக் கோணல்னு சொன்னியே?” என்றது மெஷின்.

“வேலை நேரத்துல பேச்சுக் கொடுக்காதே” என்றது கத்தரி.