நல்ல தண்ணீர் பாட்டில்

“பாட்டிலை மாத்திட்டீங்க!” கெமிஸ்ட்ரி மேடம் போட்ட சத்தத்தில் சக ஆராய்ச்சியாளர் ஒரு கணம் ஆடிப்போனார்.

மேடம் உருவாக்கிய சிலிக்கா பொடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். உள்ளே ஈயத்தைக் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகள். ஈயம் சிக்கினால் வெள்ளைப் பொடி சிவக்கும். ஆலைக் கழிவுநீரில் சிவந்தது, சரி. நல்ல தண்ணீரிலுமா சிவக்கும்?

“மாத்தலை மேடம், பாருங்க.” அவள் கண்ணெதிரே மறுபடி ஊற்றினார். மறுபடியும் சிவப்பு.

“போச்சு! நாலு வருஷம் நாயா உழைச்சதெல்லாம் தண்டம். டைரக்டர் முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?” தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அவர் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் பொடியைப் போட்டுப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது.

“பொடி மேல தப்பே இல்லை மேடம். அந்த நல்ல தண்ணிய எங்கே பிடிச்சீங்க?”

அவள் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, பாப்பாவுக்கு இன்னைக்கும் நம்ம குழாய்த் தண்ணியிலயா பால் பவுடர் கரைச்சீங்க?”

“பின்னே? பொறந்ததுலேர்ந்து அதுலதானே கரைக்கிறோம்!”