மான்ஹோ அண்ணனின் கொப்பரை

மாலை வெயில் சமையலறைத் தரையில் நீண்டு கிடக்கிறது. பக்கத்து வீட்டு மான்ஹோ அண்ணன் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புக் கொப்பரைக்குப் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டிருக்கிறார். வாசலில் நிற்கிறேன். நாளை மறுநாள் நான் தென்கொரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன். சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் யான்பியன் குளிரில், அடுப்பின் சூடு தரைக்கு அடியில் ஓடாத வீடு ஒரே குளிர்காலத்தில் வெடித்துப் பிளந்துவிடும். விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. எல்லாரும் கொரியாவுக்குப் போய்விட்டார்கள்; என் வீட்டை விட்டால் தெருவில் இன்னும் புகை வருவது இவர் வீட்டில் மட்டும்தான். "மூணு நாளைக்கு ஒருக்கா என் வீட்டு அடுப்ப மூட்டுனா போதும்ணே. வெறகு கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கேன்." "ஒன் அடுப்பு என் மாமியா மாதிரிடா. ஊதி ஊதி வாய்தான் வலிக்கும்" என்கிறார், நிமிராமல். சிரிக்கப் போகும்போதுதான் அவர் கையைக் கவனிக்கிறேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள்தான், துருவேறாதிருக்கக் கொப்பரைக்குக் கொழுப்புத் தடவுவார்கள். "எனக்கும் விசா வந்துருச்சு தம்பி." மீதிக் கொழுப்பை என் பக்கம் தள்ளுகிறார். "ஒங் கொப்பரைக்கும் தடவிக்கோ."