ஏழாவது கேள்வி

“சிகரெட், தண்ணி?”

“இன்னாம்மா இப்டி கேட்டுட்டீங்க! எம்புள்ளைக்கு டீதான் தண்ணி. ஒரு நாளைக்கு நாலு டீ. வோணும்னா அத எழுதிக்கோங்க” என்றாள் சாவித்திரி.

எதிரே உட்கார்ந்திருந்த ராஜகுமாரி சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று டிக் அடித்தாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட். மகன் விக்ரமுக்கு ஐ.டி. கம்பெனியில் கொடுக்கும் மூன்று லட்ச ரூபாய் மெடிக்கல் இன்சூரன்ஸ் பத்தாது, அதற்கு மேல் ஒரு டாப்-அப் பாலிசி வேண்டும் என்று சாவித்திரி போன வாரம் பேங்க்கில் சொல்லிவைத்திருந்தாள். பேங்க்காரர்கள் பேரையும் விலாசத்தையும் ஏஜென்சிக்குத் தள்ளிவிட்டார்கள். இதோ, காலை பத்து மணிக்கே வானகரத்து ஃப்ளாட்டுக்கு ஆள் வந்தாயிற்று.

“கையெழுத்து சாயந்திரம் தம்பி போட்டாப் போதும். கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்க. ஷுகர், பிரஷர்?”

“ஒண்ணும் கெடையாது. தெனம் காலைல அஞ்சு கிலோமீட்டர் ஓடறான். ஞாயித்துக்கெழம அண்ணனூர்ல அவனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பேரு காவ்யா, எம்.காம். படிச்சிகீது. பொண்ணோட அப்பா போன்ல பேசுனாரு, தங்கமான மனுசன்.”

மகன் பேச்சை எடுத்துவிட்டால் சாவித்திரிக்கு வாய் மூடாது.

“சந்தோஷம்மா. ஏழாவது கேள்வி. இதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன்?”

மூடிவிட்டது.

“அத... எழுதித்தான் ஆவணுமா?”

“மறைச்சா, நாளைக்கு க்ளெய்ம்னு போய் நிக்கறப்ப கம்பெனியில கைய விரிச்சிடுவாங்கம்மா.”

சாவித்திரி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன் இந்த ஒரு விஷயத்தில்தான் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே, “அரை உடம்புக்காரனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?” என்று கேட்டார்கள். நல்லா இருப்பார்களா! அதனால்தான் இந்தத் தடவை தரகர், “தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடாதீங்க” என்று சொல்லியிருந்தார். “நானே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடறேம்மா” என்று குதித்த விக்ரமைச் சத்தியம் வாங்கி அடக்கிவைத்திருந்தாள்.

“வெளில சொல்லிடாதீங்கம்மா. கல்யாணம் கைகூடற நேரம்” என்றாள் மெதுவாக. ராஜகுமாரி பேனாவைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. நான் குடுக்கறேன்னேன், சேரலன்னுட்டாங்க. மவன்ட்ட வாங்க மாட்டேன்னு இந்தாளு ஒத்தக்கால்ல நின்னாரு. எம்புள்ள இன்னா சொன்னான் தெரியுமா? ‘நீ லேத்துல கால் கடுக்க நின்னு என்ன படிக்க வெச்சப்ப, நான் வோணாம்னு சொன்னனா நைனா? இப்ப நீ கம்முனு வாங்கிக்கோ’ அப்டின்னான்.”

சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. எத்தனை நாள் பெருமை, வாய்க்குள்ளேயே கிடந்து புழுங்கியது!

கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், கையில் பையோடு அவள் கணவர் ஏகாம்பரம்.

“இன்னா சாவித்திரி, பட்டப்பகல்ல கதவ சாத்திகினு?”

“பாருங்கம்மா! எம்புள்ள குடுத்த உசுரு, கொத்தமல்லி வாங்கிகினு கறிவேப்பிலைய மறந்துட்டு வருது!” சாவித்திரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “எழுதிக்கோங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க. ஞாயித்துக்கெழம அண்ணனூர்லயும் மொத வேலையா இதத்தான் சொல்லப்போறேன். இத மறைச்சி வர்ற சம்பந்தம் எனக்கு வோணாம். போனாப் போவுது!”

ராஜகுமாரி எழுதி முடித்து ஃபாரத்தை மடித்தாள்.

“கம்பெனி டாக்டர் பார்த்துதாம்மா முடிவு சொல்வாங்க. டாப்-அப் கெடைக்கும்னு நான் இப்ப சொல்ல முடியாது.”

“பரவால்ல, உள்ளத சொல்லிட்டேன்” என்றாள் சாவித்திரி நிமிர்ந்து.

பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போன ராஜகுமாரி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“அண்ணனூர்ல நீங்க எதுவும் சொல்ல வேணாம். இங்க வேற ஆளுதான் வர்றதா இருந்துச்சு, பேங்க் லிஸ்ட்ல தம்பி பேரைப் பார்த்துட்டு நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன். காவ்யா என் பொண்ணுதான். ஞாயித்துக்கெழம நேரத்தோட வந்துடுங்க, சம்பந்தியம்மா!”